வீரசேகரனுக்குப் பன்னிரண்டு ரூபாய்

கொரடாச்சேரி ரயிலடிக்குத் திரும்பும் வளைவில்
என் டீக்கடை.
ஸ்டிக்கருக்கு நேரே செல்லைப் பிடிக்கிறவர்கள்
ஒரு கணம் நிமிர்ந்து பார்க்கிறார்கள்.
“வீரசேகரன்னு வருதே?”
“அதேதான். போடுங்க.”

அவர் மஸ்கட்டில்.
பாய்லர் முன்னால் நிற்கும் சுகந்தி
எந்தத் திரையிலும் வருவதில்லை.

பன்னிரண்டு ரூபாய் பெறப்பட்டது
என்கிறது பெட்டி,
ஒரு நாளும் தொண்டை கட்டாத குரலில்.
அதே நொடி அங்கே அவர் சட்டைப் பையில்
ஓர் அதிர்வு.
இங்கே ஐந்து மணிக்கு முதல் டீ.
அங்கே மூன்றரை.
சத்தத்தை அணைத்துவிட்டுப் படுங்கள் என்றேன்.
அப்புறம் தூக்கம் வராது என்றார்.

கடையை அவர் எண்களாகவே பார்க்கிறார்.
எண்பத்து நாலு வந்தால்
“ஏழு டீ. அறுப்பு மிஷின்காரங்க வந்துட்டாங்களா?”
பன்னிரண்டு பன்னிரண்டாக வரிசையாய் விழுந்தால்
“கொள்முதல் நிலையத்துக்கு லாரி வந்துருச்சு போல.”
ஒரு தடவை கேட்டார்:
“ஏழே முக்காலுக்கு வர்ற இருபது ரூபா
மூணு நாளாக் காணோமே,
ரெஜினா டீச்சருக்கு உடம்பு சரியில்லையா?”
ஒரு டீ, ஒரு மெதுவடை.
எதிரிலேயே நின்று வடை சுடும் எனக்கு
அது தெரிந்திருக்கவில்லை.

ஒன்றுமே வராமல் ஒரு மணி நேரம் போனால்
போன் வரும்.
“மழையா?”
“ஆமா.”
“நல்ல மழையா?”
தகரத்தில் விழும் சத்தத்துக்குப் போனைத்
தூக்கிப் பிடிப்பேன்.
கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேச மாட்டோம்.

பேங்க் கார்டு என்னிடம்தான் இருக்கிறது,
அரிசி டிரம்முக்குள், உறையோடு.
நம்பர் எங்கள் கல்யாண வருஷம்.
ஐந்நூறு எடுத்தால்
அதையும் அவரிடம் போய்ச் சொல்லிவிடும்.

லோடுமேன் பக்கிரிசாமி மட்டும்
மடியிலிருந்து எடுத்துத் தருவார்.
வேர்வையில் நனைந்த பத்து ரூபாய்த் தாள்,
மடிப்பில் நெல்லுச் சுணை,
மேலே ஒரு இரண்டு ரூபாய்க் காசு.
அதை வாங்கும்போது பெட்டி பேசாது.
சீனி மூட்டைக்குப் பின்னால்
ஒரு போன்விட்டா டப்பா வைத்திருக்கிறேன்.
எதற்கென்று இன்னும் யோசிக்கவில்லை.
எண்ணிப் பார்த்ததும் இல்லை.
இருக்கிறது, அவ்வளவுதான்.

போன வியாழக்கிழமை
மண்டை பிளக்கிற வெயில்.
மூன்று மணிக்குத் திருவாரூர் வண்டி போனதும்
அடுப்பை அணைத்தேன்.
ஷட்டரைப் பாதிக்கு இழுத்தேன்.
செல் கல்லாவிலேயே கிடந்தது.
மறந்துபோய் என்று சொல்லலாம்.

வெட்டாற்றில் புதுத்தண்ணீர் வந்திருந்தது,
செம்மண் நிறத்தில்,
செருப்பு, தெர்மாகோல், ஒரு வாழை மட்டை என்று
கிடைத்ததை எல்லாம் இழுத்துக்கொண்டு.
கடைசிப் படியில் உட்கார்ந்து
காலைத் தொங்கப்போட்டேன்.
அக்கரையில் ஒருவன்
பல்சர் வண்டியை இறக்கிக் கழுவிக்கொண்டிருந்தான்.
அவன் கழுவி முடிக்கிற வரைக்கும் பார்த்தேன்.
யார் நினைப்பும் வரவில்லை.
அழவும் இல்லை.
இரண்டு மணி நேரம்
என்னிடமிருந்து எதுவும்
யாருக்கும் போய்ச் சேரவில்லை.

திரும்பி வந்தால் நான்கு தவறிய அழைப்பு.
ஐந்தாவதை எடுத்தேன்.
“மழையா?”

தெருவில் வெயில்
இன்னும் கண் கூசியது.
“ஆமா” என்றேன்.
“ரொம்ப நேரமா?”
“மூணு மணிக்குப் பிடிச்சுது. நல்ல மழை.”
“நாத்துக்கு நல்லது” என்றார்.
குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.
நனைந்த சேலைக் கரையை
ஒரு கையால் பிழிந்தபடி நின்றேன்.

பாதி ஷட்டருக்கு அடியில் குனிந்து
யாரோ ஒரு டீ கேட்டார்கள்.
பாலை ஏற்றி, ஆற்றிக் கொடுத்தேன்.
போனை வைக்கவில்லை அவர்.
பெட்டி சொன்னது,
பன்னிரண்டு ரூபாய் பெறப்பட்டது.

“விட்டுருச்சு போல” என்றார்.