முதல் பந்தி

கல்கூர்லியில் இரவு இரண்டேகால்.
ஆய்வகத்தில் நானும் ஒரு வெற்றிடப் பம்பும்.
நேற்று மாலையிலிருந்து
முந்நூறு டிகிரி சூட்டில் கரித்தூளின் ஈரத்தை
வெளியே இழுத்துக்கொண்டிருக்கிறது அது,
பழைய வாடகைக்காரரின் சாமான்களை
ஒவ்வொன்றாகத் தெருவில் வைப்பதுபோல.
அவசரப்பட்டால் எண் பொய் சொல்லும்.
போன மாதம் சொன்னது.

தேங்காய்ச் சிரட்டைக் கரி.
தங்கத்தைப் பிடிக்க
இந்தச் செம்மண் காட்டுக்கு மூட்டை மூட்டையாக வருகிறது.
சாக்கில் காங்கேயத்து முகவரி.
"உன் ஊரா?" என்றான் லாரிக்காரன்.
காங்கேயத்துக்கு நான் போனதேயில்லை.
அப்பா கடலூரில் இன்சூரன்ஸ் விற்றவர்,
தேங்காயைக் கடையில் வாங்கியவர்.

குழாய் இரண்டு: ஒன்றில் புதுக் கரி,
இன்னொன்றில் ஆலையில் மூன்று முறை சுட்டெடுத்தது.
எடை குறித்துக்கொண்டு
திரவ நைட்ரஜனில் இறக்கினேன்.
மைனஸ் நூற்றுத் தொண்ணூற்றாறில்
குளிர் கொதித்தது.
வெண்புகை மேசை விளிம்பில் வழிந்து
என் பூட்ஸைத் தேடி வந்தது.

இனி விருந்தாளிகள்.
கொஞ்சம் நைட்ரஜனை விட்டு
அழுத்தம் அடங்கக் காத்திருந்து
மறுபடி கொஞ்சம்.
இந்த மண்டபத்தில் டேப் பிடிக்க முடியாது:
சுவருக்குள் சுவர், அறைக்குள் அறை,
கதவின் அகலமே நாலைந்து அணு.
அதனால் ஆட்களை எண்ணுகிறோம்.
ஓர் ஆளுக்கு ஓர் இலை.
இலையின் அளவு தெரியும்.
உட்கார்ந்தவர்களால் பெருக்கினால் தரை.

ஆனால் எந்தக் கல்யாணத்தில்
முதல் பந்தி முழுசாக உட்கார்ந்த பிறகு
இரண்டாம் பந்தி வந்திருக்கிறது?
பாதி இலை காலியாக இருக்கும்போதே
ரசம் ஊற்றுகிறவனுக்கு வழிவிடாமல்
நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்கிறார்கள்.
நிற்பவர்களைக் கழிக்கத்தான் அந்தச் சமன்பாடு.
நேர்கோடு விழும் சிறு பகுதியில் நம்பலாம்.
மற்றதெல்லாம் கூட்டம்.

புதுக் கரி:
கிராமுக்கு ஆயிரத்துப் பன்னிரண்டு சதுர மீட்டர்.
கால் ஏக்கர். நம் கணக்கில் இருபத்தைந்து சென்ட்.
போன சனிக்கிழமை போல்டரில் நான் பார்த்த மனையும்
கால் ஏக்கர்தான்.
துருப்பிடித்த தகர வேலி, சாய்ந்த தண்ணீர்த் தொட்டி.
பார்வையிடப் பதினைந்து நிமிடம்.
ஒவ்வோர் அறையிலும் என் முதுகுக்குப் பின்னால்
இன்னொரு குடும்பம் நின்றுகொண்டிருந்தது.
வங்கிக்காரர் சொன்னதை நினைத்தபடி
விரல் நுனியில் ஒட்டியிருந்த கரியை ஊதினேன்.
எத்தனை சென்ட் போயிற்றோ.

சுட்டெடுத்த கரி: அறுநூற்று ஐம்பத்தைந்து.

ஆறு மணிக்கு மரினோவிச் வந்தார்.
தாமரைச்செல்வி வாயில் நுழையாமல்
என்னைச் 'செல்' என்று கூப்பிடுபவர்.
பதினோரு வருடம். நான் இன்னும் செல்லவில்லை.
"அறுநூற்று ஐம்பத்தைந்தா, மோசமில்லையே.
பிறகு ஏன் என் தங்கம் கழிவுக் குளத்துக்குப் போகிறது?"

நைட்ரஜன் ஒல்லி, என்றேன்.
எந்தச் சந்திலும் பக்கவாட்டில் நுழைந்துவிடும்.
உங்கள் தங்கமோ
இரண்டு பக்கமும் சயனைடைப் பிடித்துக்கொண்டு
கைகளை விரித்தபடி வருகிறது.
நான் எண்ணியது நைட்ரஜனுக்குக் கிடைத்த இடம்.
தங்கத்துக்குக் கிடைத்ததைத்
தங்கத்திடம்தான் கேட்கவேண்டும்.

"அப்படியானால் உண்மையான பரப்பு எது?"

யாருக்கு?

திரையையே கொஞ்ச நேரம் பார்த்தார்.
பிறகு இரண்டு எண்களையும்
காகிதக் கோப்பையின் மேல் எழுதிக்கொண்டு
காபியோடு போய்விட்டார்.

குடுவையை இறக்கினேன்.
கண்ணாடியில் படிந்த உறைபனி
என் துணியில் கறுப்பாக நனைந்தது.
வந்தவர்கள் எல்லாரும் கிளம்பிவிட்டார்கள்,
மொய் எழுதாமல்.
மறுபடி எடை போட்டேன்.
ஒரு மில்லிகிராம் கூடவில்லை.

வெளியே ராட்சத லாரிகள் ஷிஃப்ட் மாறின.
தரகரிடமிருந்து செய்தி:
அந்த மனை விற்றுப்போயிற்று.
கம்பால்டாவில் ஒன்று இருக்கிறதாம்,
எழுநூறு சதுர மீட்டர்.

முக்கால் கிராம்கூட வராது.