ஐந்து வோல்ட் கணக்கு

சயான் சர்க்கிளில் மூன்றாம் முறையாக நின்றபோது
பின்னால் ஒரு தண்ணீர் லாரி.
அது அடித்த ஹாரனில் என் தோடு ஆடியது.
பத்து நிமிஷம் ஆறவிட்டால் கிளம்பும்,
சூடேறினால் மறுபடி சாகும்.
பதினாறு வயது சான்ட்ரோ.
தண்ணியே பட்டதில்லை மேடம் என்று
முலுண்டில் விற்றவர் குலதெய்வத்தின் மேல் சத்தியம் செய்தார்.
எந்தக் குலம், எந்தத் தெய்வம் என்று
நான் கேட்கவில்லை.
விலை நன்றாக இருந்தது.

குர்லா இம்தியாஸ் முதலில் பெட்ரோல் பம்ப்பை மாற்றினார்.
பிறகு பிளக் நான்கையும்.
பிறகு ஒரு கருவியைச் செருகிப் பார்த்து
கிராங்க் சென்சார் என்றார்.
புதுசு போட்டு இரண்டு நாள் ஓடியது.
அந்தப் புதுசும் பழுது என்று
இன்னொரு புதுசு.
பில்கள் கிளவ் பாக்ஸில், தேதிவாரியாக.
கப்பல் கம்பெனியில் பத்தொன்பது வருஷமாக
கணக்கு எங்கே உதைக்கிறது என்று தேடுவதுதான்
என் பிழைப்பு.

ஞாயிறு, வடாலா, சொஸைட்டி பார்க்கிங்.
லேமிங்டன் ரோட்டில் வாங்கிய மஞ்சள் மீட்டர்,
புடவைக்குக் குத்தும் சேஃப்டி பின் இரண்டு.
வாட்ச்மேன் ராம்சுமேர் டார்ச் பிடித்தார்.
மூன்றாம் மாடி மெக்வான் பால்கனியிலிருந்தே
வித்துடுங்க என்றார்.

சென்சார் கட்டைவிரல் பருமன்.
அதற்கு ஒரே வேலை:
சக்கரத்தின் ஒவ்வொரு பல்லும் கடக்கும்போது
போச்சு, போச்சு, போச்சு என்று சொல்வது.
அந்தக் குரல் வராவிட்டால்
இன்ஜின் சுற்றவில்லை என்று முடிவுகட்டி
மூளைப்பெட்டி கையைக் கட்டிக்கொள்ளும்,
சுற்றிக்கொண்டிருக்கும் இன்ஜினின்
பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு.

ஓடவிட்டு, சூடேறவிட்டு,
கனெக்டரைக் கழற்றாமல்
பின்பக்கமாகப் பின்னை நுழைத்துப் பார்த்தேன்.
பெட்டி கொடுப்பது ஐந்து வோல்ட்.
சென்சாருக்கு வந்தது இரண்டு புள்ளி எட்டு.
மீதியை வழியில் எவனோ தின்கிறான்.

வயரின் மேல்குழாயைப் பிளந்தேன்.
தூசி இல்லை, சேறு.
காய்ந்து மாவாகி, விரலில் பழுப்பாக ஒட்டியது.
ஆகக் குலதெய்வம் அவ்வளவுதான்.
பேட்டரித் தட்டுக்கு அடியில், வயர் வளைகிற இடத்தில்,
ஒரு பிளாஸ்திரி.
வெட்டுக்காயத்துக்கு ஒட்டுவோமே, அது.
நடுவில் பஞ்சுகூட இருந்தது.
உரித்தால் முறுக்கிய செம்பு முழுக்கக் களிம்பு,
புளி பார்க்காத குத்துவிளக்குப் பச்சை.
தொட்டதும் உதிர்ந்தது.

திட்ட வாயெடுத்தேன்.
வயரில் பல்தடம் இருந்தது.
கடித்து உரித்திருக்கிறார்கள்.
எந்த மழை, முழங்கால்வரை எவ்வளவு தண்ணீர்,
பின்சீட்டில் யார்?
டேப் இல்லை, பையில் பிளாஸ்திரி இருந்தது.
முலுண்டுக்காரர் பிளாஸ்திரி வைத்திருக்கிற ஆள் இல்லை.
அவருக்கும் முந்தின யாரோ.
வீடு போய்ச் சேர்ந்திருப்பார்கள்,
சேர்ந்ததும் மறந்திருப்பார்கள்.

செம்பு சிவப்பாகத் தெரியும்வரை
வெட்டிக்கொண்டே போனேன்.
நாலு அங்குலம் போயிற்று.
புது வயர் வைத்து ஈயம் பற்றவைத்து
ராம்சுமேரின் தீப்பெட்டியில் ரப்பர் உறையைச் சுருக்கினேன்.
நாலு புள்ளி ஒன்பது.
அந்த ஒன்றை நான் தேடப்போவதில்லை.

பழைய சென்சார்கள் இரண்டும் நல்லவைதான் என்று
போனில் சொன்னேன்.
இம்தியாஸ் கொஞ்ச நேரம் இருமினார்.
மஞ்சள் விளக்கு இன்னும் எரிகிறதே என்றேன்.
எரியும், மூணு தடவை ஓட்டுங்க,
தப்பு வரலேன்னா அதுவே அணைஞ்சிடும் என்றார்.
காசைப் பற்றி அவர் பேசவில்லை.
நான் பேசுவேன், புதன்கிழமை.

பிளாஸ்திரியை பில்களோடு வைத்தேன்.
தேதி இல்லை,
ஆனால் எல்லாவற்றுக்கும் முந்தியது,
அதனால் அடியில்.

இப்போது சயான் சர்க்கிள்.
முள் நடுவில் நிற்கிறது, விளக்கு எரிகிறது,
பின்னால் ஒரு லாரி மூச்சுவிடுகிறது.
இது இரண்டாவது.