பதினான்கு

டிசம்பர் வெள்ளி, மணி மூன்றரை.
பீட்டர்ஹெட்டில் சூரியன் கடையைக் கட்டிவிட்டது.
காருக்குள் மடியில் படிவத்தை வைத்து
மறுபடி கூட்டுகிறேன். பதினான்கு.
பதினைந்து என்றால் ஷெரீஃபுக்கு போன் போட்டு
இன்றிரவே பிள்ளையைக் கூட்டிப்போக உத்தரவு கேட்கலாம்.

பழைய காயம், மூன்று.
குடி, இரண்டு. விட்டுவிட்டேன் என்கிறாள் ரோனா.
சொல்லுக்கு எண் கிடையாது.
ஃபிரிட்ஜில் பால் இருந்தது, புது ரொட்டி இருந்தது.
நான் வருவேன் என்று வாங்கியதோ என்று நினைத்தேன்.
நான் வருவேன் என்றாவது வாங்கினாளே என்றும்.

ஸ்ட்ரூவனுக்கு நான்கு வயது.
என் ஷூ எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கவனிக்கிறான்.
வாசலைப் பார்த்துத் திரும்பினால் மூச்சு விடுகிறான்.
எனக்கு ஒரு பிஸ்கட் நீட்டினான்,
இன்னொன்றைப் பைக்குள் ஒளித்தான்.
பசியா, பழக்கமா, வெறும் நான்கு வயதா?

அவன் அறைக் கதவின் வெளிப்பக்கம்
நான்கு ஓட்டைகள்.
பட்டி பார்த்து வெள்ளை அடித்திருக்கிறாள்.
தாழ்ப்பாள் இருந்தது என்று எழுதினால் பதினாறு.
தாழ்ப்பாள் இல்லை என்றால் பதினான்கு.
இரண்டும் உண்மை.
பெயின்ட் என் விரலில் ஒட்டியது.

போனில் அலிஸ்டர் கேட்கிறார்:
"விட்டுட்டு வந்தா ராத்திரி தூங்குவியா?"
என் தூக்கத்தை வைத்து
ஒரு பிள்ளையின் கட்டிலை நகர்த்தும் அளவுகோல்.

ஃப்ரேசர்பரோவில், ஆறு வருடம் முன்பு,
ஒரு பெண்குழந்தையைத் தூக்கி வந்தேன்.
பதினேழு. யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.
நன்றாகத் தூங்கினேன்.
உயிரோடு இருக்கிறாள், ஐந்து வீடு மாறிவிட்டாள்,
பல் தேய்க்கும் பிரஷ்ஷைத் தலையணைக்கடியில் வைத்துக்கொள்கிறாள்
எந்த ராத்திரியும் கிளம்பச் சொல்லலாம் என்று.
தூக்கி வருவதில் உள்ள ஆபத்துக்கு
எந்தத் தாளிலும் கட்டம் போடவில்லை நாங்கள்.

காரை விட்டு இறங்கி மறுபடி கதவைத் தட்டினேன்.
ஸ்ட்ரூவன்தான் திறந்தான். குனிந்து பார்த்தான்.
என் ஷூ உள்ளே பார்த்து நின்றது.

"ரோனா, கழற்றின தாழ்ப்பாள் எங்கே?"

திட்டுவாள் என்று நினைத்தேன்.
அழுவாள் என்று நினைத்தேன்.
சமையலறை இழுப்பறையைத் திறந்து
துணியில் சுற்றியிருந்ததைக் கொண்டுவந்து
என் கையில் வைத்தாள்.
"இதைத் தூக்கிப்போட பயமா இருந்தது,
வச்சிருக்கவும்."

நாளை எனக்கு லீவு. பத்து மணிக்கு வருகிறேன் என்றேன்.
அவள் தங்கை ராத்திரி வந்து படுக்கச் சம்மதித்தாள்.
அலிஸ்டருக்கு அதையும் எழுதினேன்.

காரில் விளக்கைப் போட்டுத் துணியைப் பிரித்தேன்.
தாழ்ப்பாள் ஒன்று.
திருகாணி மூன்று.