தொடர ஒரு விசையை அழுத்தவும்

எட்னா புகைகிற இரவில்
கத்தானியாவில் நுன்ஸியா
சாம்பல் எங்கே விழுமென்று கணிக்கும் நிரலை
நானூற்றுப் பன்னிரண்டு துண்டாக்கி அனுப்பினாள்.
லியோனுக்குக் கொஞ்சம், கிராக்கோவுக்குக் கொஞ்சம்,
பெயர் தெரியாத கொட்டகைகளின்
குளிரூட்டிய இருட்டுக்குக் கொஞ்சம்.

மூன்று வாரமாக அதற்குப் பயணம் பழக்கியிருந்தாள்.
என் வீடு, என் அலமாரி, என் மேசை என்று
வரிக்கு வரி சொந்தம் கொண்டாடிய நிரல்.
முகவரிகளை ஒவ்வொன்றாய் உருவினாள்.
போன இடத்தில் போட்டதைச் சாப்பிடு என்றாள்.

விடியும்வரை எதுவும் திரும்பவில்லை.
பிழைச் செய்தி கூட இல்லை.
ஓடிக்கொண்டிருக்கிறது, ஓடிக்கொண்டிருக்கிறது
என்றது திரை.
ஓடவில்லை.
நின்றுகொண்டிருந்தன.

வரி 3107.
தொண்ணூற்றொன்றில் கலோஜெரோ எழுதியது,
காப்பி வாங்கப் போய் வருவதற்குள்
படம் நழுவிவிடக் கூடாதென்று:
தொடர ஒரு விசையை அழுத்தவும்.

யார் அழுத்துவது?
கண்டம் முழுக்க ஆளில்லா அறைகளில்
வராத விரலுக்காகப்
பணிவாய்க் காத்திருந்தன
ஒரு மலையின்
நானூற்றுப் பன்னிரண்டு நாளைகள்.

வரியை அழித்தாள்.
அழிக்குமுன் தன் கணினியில் ஒருதரம்
அழுத்தியும் பார்த்தாள், சும்மா.

பதினொரு மணிக்கு விடைகள் வந்தன.
முந்நூறாவது முதலில், ஏழாவது கடைசியில்,
இருநூற்றுப் பத்தொன்பது வரவேயில்லை.
வடக்குக் காற்று, சாம்பல் ஊருக்குள்தான்
என்றன எல்லாம் ஒருவாய்ப்பட.

சன்னலைச் சாத்த எழுந்தாள்.
விசைப்பலகைமேல் ஏற்கெனவே
மெல்லிசாய் ஒரு கறுப்பு;
அழுத்திய விசை மட்டும்
வெளுப்பாய்.