கடைசிப் பத்து நிமிடம்

மஹ்பூலா. நான்காவது தளம். ஆறு கட்டில்.
இரவு ஒன்பதுக்கு ஒரு கொலை வழக்கு.
பென்டிரைவில் இருபத்திரண்டு பாகம்,
நாளைக்கு ஒன்றுதான்.
முந்திப் பார்த்தவன் ஒரு வாரம் கக்கூஸ் கழுவணும்
என்பது அறைச் சட்டம்.

செத்தது ஏலத்தோட்ட முதலாளி,
முதல் பாகத்திலேயே, பின்மண்டையில் ஒரே அடி.
அடித்தது யார் என்பதைத்தான்
வெங்காயமாய் உரிக்கிறார்கள்.
திங்களன்று தம்பி.
செவ்வாயன்று தம்பியே செத்துப்போனான்.
புதன் முழுக்க டாக்டர்மேல் கண்.
வியாழன் ராத்திரி
டாக்டருக்கு வலது கை விளங்காது என்றார்கள்.

சேகு நெய்னா லிஃப்ட் மெக்கானிக்,
கயிறு எங்கே தேயும் என்று பார்த்தே பழகியவர்.
"அழுவுறவளப் பாக்காதிய.
அவளுக்குத் தண்ணி கொண்டாந்து குடுக்குறான் பாருங்க,
அவனப் பாருங்க" என்பார்.
"கேமரா ஒரு செருப்புமேல மூணு செகண்டு நின்னா
அது சும்மா நிக்காது.
மியூசிக் பட்டுனு நின்னா
எவனோ பொய் சொல்றான்."

ஒன்பது ஐம்பதுக்கு நான் எழுந்துவிடுவேன்.
"பஸ் வந்திருச்சு."
ரொட்டிக் கம்பெனி, நைட் ஷிஃப்ட்.
ஹாரன் எனக்கு மட்டும் கேட்கும்.
கதை தலைகீழாய்ப் புரள்வது எப்போதும்
அதற்குப் பிந்திய பத்து நிமிடத்தில்.

நான் திரும்பும்போது அவர்கள் பல் தேய்த்துக்கொண்டிருப்பார்கள்.
ஈரச் செருப்பை வாசலில் உதறிவிட்டு
குபூஸ் பொட்டலத்தை மேசையில் வைப்பேன்,
விலைச்சீட்டைக் கிழித்துவிட்டு.
ஐந்து வாயும் ஐந்து முடிவு சொல்லும்.
மனைவிதான் என்பார் மரிய செபஸ்தியான்.
தம்பி சாகவே இல்லை, அது வேறு பிணம் என்பான் தங்கமாரி.
ஷிபு நுரையைத் துப்பிவிட்டு
நாய்தான் செய்தது என்பான், கதையில் நாயே கிடையாது.
பகல் தூக்கத்தில் ஐந்தையும் நம்புவேன்.
ராத்திரி ஒன்பதுக்கு ஐந்தும் பொய்யாகும்.

வெள்ளிக்கிழமைகளில் முத்துச்செல்வி வீடியோவில் வருவாள்.
மூன்று வாரமாக முடியை முன்னால் விட்டிருக்கிறாள்.
காது தெரியவில்லை.
"என்ன புது ஸ்டைலு?"
"சும்மாதான்."
அங்கே ஓடிக்கொண்டிருந்த மிக்ஸி
அந்த நேரம் பார்த்து நின்றது.
எனக்குப் புரிந்தது. கேட்கவில்லை.
கேட்டால் அதுதான் கடைசிப் பாகம்.

பதினேழாம் பாகத்தில் ஷிபு டீ எடுக்கப் போனான்,
படத்தை நிறுத்திவிட்டு.
இன்ஸ்பெக்டர் பாதித் தும்மலில் உறைந்து நின்றார்.
நெய்னா திரையைவிட்டுக் கண்ணெடுக்காமல்
எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்:
"ரொட்டி சுடுற எடத்துல செருப்பு நனையுமா, மாப்ள?"

ரொட்டிக் கம்பெனியை மாசியிலேயே மூடிவிட்டார்கள்.
பஸ் கிடையாது. ஹாரன் கிடையாது.
மூன்று தெரு தள்ளி ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில்
இருபத்தேழு கார், ஒரு வாளி, நான்.
கண்ணாடி துடைக்கும்போது உள்ளே பார்ப்பேன்.
பின் சீட்டில் குழந்தையின் ஒற்றைக் காலுறை,
பிரிக்காத மருந்துச் சீட்டு,
இரண்டு காபிக் கோப்பை, ஒன்றில் உதட்டுச் சாயம்.
எல்லாம் தடயம்.
வழக்குத்தான் என்னவென்று தெரியாது.

ஷிபு டீயோடு வந்தான். நெய்னா பொத்தானை அமுக்கினார்.
இன்ஸ்பெக்டர் மீதித் தும்மலைத் தும்மினார்.
மறுநாள் என் கட்டிலுக்கடியில் ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ்,
அடியில் லிஃப்ட் கம்பெனி முத்திரை.
யார் வைத்தது என்று
துப்பறியும் அந்த அறையில் ஒருவரும் கேட்கவில்லை.

இருபத்திரண்டாம் பாகம் முடிந்த விடியலில்
ஐந்து பேரும் ஒரே பெயரைச் சொன்னார்கள்.
அதனாலேயே இன்றுவரை நான் நம்பவில்லை.

அன்று வெள்ளி.
"ரொட்டி வேல எப்பிடிப் போவுது?" என்றாள் முத்துச்செல்வி.
"நல்லாப் போவுது" என்றேன்,
சோப்பில் வெடித்த விரல்களைத் திரைக்குக் கீழே வைத்துக்கொண்டு.
வெகுநேரம் என்னையே பார்த்தாள்.
பிறகு, எதுவும் சொல்லாமல்,
முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள்.