ஒற்றைத் தட்டு

இருபத்தாறு வருஷம்
அக்கரைப்பற்று மட்டக்களப்பு பஸ்ஸின்
பின்கதவில் தொங்கினேன்.
நிந்தவூர் காரைதீவு கல்முனை பாண்டிருப்பு
மருதமுனை பெரிய நீலாவணை களுவாஞ்சிக்குடி
ஆரையம்பதி காத்தான்குடி கல்லடி
ஒரே மூச்சு.
தூங்கி வழிந்தவர்கள்
தங்கள் ஊர்ப்பெயர் கேட்டுக் கண் விழிப்பார்கள்.

இப்போது அந்த மூச்சு
கழுத்தில் ஒரு துளையால் போய் வருகிறது.
குரலை ஒரு போத்தலில் போட்டு
பரிசோதனைக்கு அனுப்பினார்கள்.
ரிக்கற் கிழிக்காமல்
நான் ஏற்றிவிட்ட ஒரே பயணி.

ஊமையானேன், செவிடாகவில்லை.
இது வாட்டில் பலருக்கு விளங்குவதில்லை.
"ஐயா! பால் இறங்குதா!" என்று
அக்கரையில் நிற்பவனைக் கூப்பிடுகிற மாதிரி
காதுக்குள் கத்துவார்கள்.
சரி, நானும் கொஞ்சமாகவா கத்தினேன்.

டொக்டர் கேட்பது என்னை.
பதில் சொல்வது புஸ்பமலர்.
"நோவு குறைவா?"
"ஓம் சேர், நல்லாக் குறைஞ்சிட்டு."
குறையவில்லை என்று கொப்பியில் எழுதினேன்.
அந்தத் தாளைக் கிழித்து, நாலாக மடித்து
கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.
நோவு கூட என்றால்
மகரகமைக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் அவளுக்கு.
அங்கே அவளுக்கு ஒரு சொல்லும் விளங்காது
எனக்கு ஒரு சொல்லும் வராது.
அந்தப் பயத்தைக் கோபிக்க முடியவில்லை.
கோபித்தேன்.
இரண்டு நாள் அவள் கொண்டுவந்த துவாயைத் தொடவில்லை.

மூக்கால் குழாய் போகிறவனுக்கு
ஆறு போத்தல் ஹோர்லிக்ஸ் வந்தது.
சங்கத்துப் பொடியன்கள்
ஒரு என்வலப்பும் ஒரு கமராவும் கொண்டுவந்தார்கள்.
என்வலப்பை நெஞ்சோடு பிடிக்கச் சொன்னார்கள்.
"இன்னும் கொஞ்சம் மேல, அண்ணன்.
அந்த ஓட்டை மறையட்டும்."
பிடித்தேன்.
காசு தேவையாகத்தான் இருந்தது.

பக்கத்துக் கட்டிலில் ஆதம்லெப்பை காக்கா.
குடலில் அவருக்கு.
எனக்கு ஆறுதலாக ஒரு வார்த்தை சொன்னதில்லை.
இரண்டு பேருக்கும் நித்திரை வராத சாமத்தில்
கூரையைப் பார்த்துக்கொண்டு தொடங்குவார்:
"அக்கரைப்பற்று, காரைதீவு, நிந்தவூர்..."
மாறிச் சொல்கிறார் மனிசன்.
நாற்பது வருஷம் அந்த ரோட்டில் போய் வந்தவர்
வேண்டுமென்றே மாறிச் சொல்கிறார்.
கட்டில் சட்டத்தில் மோதிர விரலால் ஓங்கித் தட்டுவேன்.
"ஓ, பிழையா? மறுகா?"
திரும்ப முதலில் இருந்து.
கல்லடிப் பாலம் கடக்கும்போது
அநேகமாக விடிந்திருக்கும்.

பிறகு ஒரு வியாழக்கிழமை.
சளி உறிஞ்சுகிற குழாயைத்
துளைக்குள் விடுவார்கள்.
தரையில் இருந்துகொண்டே
தண்ணீரில் தாழ்வது அது.
"கொஞ்சம் பொறுங்க, கொஞ்சம் பொறுங்க" என்று
எல்லாரும் அன்பாகத்தான் சொல்வார்கள்.
குழாய் மட்டும் பொறுக்காது.
அன்று புது நேர்ஸ், இனோக்கா,
உகணைப் பிள்ளை.
தமிழ் எண்ணி இருபது சொல் வைத்திருந்தாள்.
என் கை தானாகப் போய்
கட்டில் சட்டத்தில் விழுந்தது.
ஒரு தட்டு.

அவள் நிறுத்தினாள்.

நாளும் அம்பாறையிலிருந்து பஸ்ஸில் வருகிறவள்.
ஒன்று என்றால் நிறுத்து,
இரண்டு என்றால் போ.
அதற்கு எந்தப் பாஷை வேண்டும்?
பாவம் என்றவர்கள் உண்டு,
நேர்த்தி வைத்தவர்கள் உண்டு.
நிறுத்து என்றதும் நிறுத்தியது
இந்தக் கை.

குழாயை வெளியே பிடித்தபடி நின்றாள்.
அவசரப்படுத்தவில்லை.
என் முகத்தைக்கூட அவ்வளவாகப் பார்க்கவில்லை,
விரலைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள்,
கண்ணாடியில் என்னைப் பார்த்திருக்கும்
ஒரு ட்றைவரைப் போல.

மூச்சு வாங்கினேன்.
காக்கா அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தார்.
யாரும் ஏறவில்லை.
யாரும் இறங்கவில்லை.

இரண்டு தட்டு.