முப்பத்தொன்பது டிகிரி

விடியற்காலை நாலரைக்குப் பெரம்பூர் ஆட்டுத்தொட்டியில்
எனக்கென்று ஒரு வயிற்றை ஓரமாக எடுத்து வைப்பார் பாஷா பாய்.
ஈரலுக்கு ஆள் உண்டு. தலைக்கு, காலுக்கு, தோலுக்கு உண்டு.
உள்ளே கிடக்கும் பச்சைக் குழம்பைக் கேட்பவள்
நான் ஒருத்திதான்.

“என்ன மேஞ்சது பாய் இது?”
“முள்ளுக்காடும்மா. வேலங்காய், கொஞ்சம் கொழுக்கட்டைப் புல்லு.”
அது போதும்.
மல் துணியில் பிழிந்து
வெந்நீரால் சூடேற்றி வைத்த ஃபிளாஸ்கில்
விளிம்பு வரை ஊற்றுகிறேன்.
காற்றுக்கு இடம் வைக்கக் கூடாது.
நம்மை வாழவைப்பது அதுகளைக் கொன்றுவிடும்.

ஓட்டேரி, புரசைவாக்கம், டவுட்டன்.
ஸ்கூட்டியில் இரண்டு கால்களுக்கு நடுவே
ஒரு பெரிய ஊர் குலுங்கிக்கொண்டு வருகிறது.

வேப்பேரி ஆஸ்பத்திரியில் படுத்திருப்பது
புளியந்தோப்பு டில்லிபாபுவின் கிடா.
பெயர் மெட்ரோ.
சுவரொட்டி தின்று வளர்ந்தது,
தலைவர்களைப் பசையோடு கிழித்துத் தின்று,
வாழைமட்டை, அட்டைப்பெட்டி, கோயில் மாலை தின்று
ஒருநாளும் தும்மாதது.
முந்தாநாள் மண்டபத்துப் பின்வாசலில் மிஞ்சியதை
ஒரு பக்கெட் சுமந்து வந்து
பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டியிருக்கிறார்.
“நல்ல சோறு மேடம். பொன்னி. நானே ரெண்டு வாய் சாப்ட்டேன்.”

சோறு அவருக்கு நல்ல சோறுதான்.
நாரை மெதுவாக அரித்து உண்ணும் கூட்டத்தின்மேல்
மாவு மழையாகக் கொட்டினால்
புளிப்பது மட்டும் பெருகும்,
மற்றதெல்லாம் கரைந்து போகும்.
இடது விலாவில் காதை வைத்தேன்.
நிமிடத்துக்கு ஒருமுறையாவது உருள வேண்டிய இடி
உருளவில்லை.
அசைத்தால் குடத்துத் தண்ணீர்போலத் தளும்பியது.

குழாய்வழியே எடுத்தது பால்நிறம்,
நாலுநாள் தோசைமாவு வாடை.
கண்ணாடிச் சில்லில் ஒரு சொட்டு:
ஊரடங்கு.
ஃபிளாஸ்கிலிருந்து ஒரு சொட்டு:
காலை எட்டரை சென்ட்ரல்,
முண்டியடித்து, இடித்து, திரும்பி,
எங்கேயோ போக நேரமாகிவிட்டதுபோல்.

டில்லிபாபுவையும் பார்க்கச் சொன்னேன்.
ஒற்றைக் கண்ணை மூடத் தெரியாமல்
கையால் பொத்திக்கொண்டு பார்த்தார்.
“உசுரோட இருக்குதா?”
“இருக்கு.”
“அந்த ஆடு?”
நான் கழிவுநீர்க் குழாயைப் பார்த்தேன்.
இந்நேரம் ஓட்டேரியில் எங்கோ அரைக்கிலோவாக,
முக்கால் கிலோவாக.

புளிப்பைக் கழுவி எடுத்து,
சமையல் சோடா கரைத்துக் கொடுத்து,
பிறகுதான் அந்த ஊரைக் குடி வைத்தோம்.
முப்பத்தொன்பது டிகிரி. ஆறவில்லை.

பிற்பகல் மூன்று வரை ஒன்றும் இல்லை.
பயிற்சிக்கு வந்த பெண் இனியாள் இரண்டுமுறை தூங்கி விழுந்தாள்.
டில்லிபாபு தன் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை.
புளிசாதம் என்று சொல்லக் கூசினார்.

மூன்றேகாலுக்கு
மெட்ரோ ஓர் ஏப்பம் விட்டது.
முள்ளுக்காட்டு வாடை.
தொண்டையில் ஒரு உருண்டை மேலேறியது.
தாடை இடதுபக்கம் போய்
சற்று யோசித்து
வலதுபக்கம் வந்தது.

“ஒரு வாரம் வைக்கோல், கொஞ்சம் அகத்தி. சோறு கூடவே கூடாது.”
தலையை ஆட்டினார்.
வாசல்வரை போய்த் திரும்பினார்.
“போஸ்டரு?”

ஃபிளாஸ்கைக் கழுவிக் கவிழ்த்தேன்.
நாளைக்கும் நாலரை.